வேலூர் பக்கத்துக் கட்டுமானத்தில் பிம்: வேண்டாம் என்கிறவர்கள் சொல்லும் காரணம் சரியா?

பாலாறு_சிவில்

வணக்கம். பேசப்போவது பிம் (BIM) பற்றி, அதாவது எல்லாத் துறை வரைபடத்தையும் தகவலோடு ஒரே முப்பரிமாண மாடலாகக் கம்ப்யூட்டரில் கட்டிப் பார்க்கும் முறை. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் இப்போது எழும்புகிற கட்டடங்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், நோயாளியோடு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ், கல்லூரி பிளாக், தோல் தொழிற்சாலை விரிவாக்கம். தரைத்தளத்தோடு நான்கு மாடி, 30,000 முதல் 40,000 சதுர அடி. ஏசி டக்ட், கேபிள் ட்ரே, ஸ்பிரிங்க்ளர், ஆக்சிஜன் லைன் என்று சீலிங்குக்கு மேலே ஒரு ஊரே குடியிருக்கிறது. ஆனால் ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல், எலக்ட்ரிக்கல், பிளம்பிங் என்று நாலு பேரும் தனித்தனி ஆட்டோகேட் ஃபைலில்தான் வரைகிறார்கள். அந்த நாலும் முதல் தடவையாக ஒன்றையொன்று பார்ப்பது சைட்டில், தளம் போட்ட பிறகு.

பிம் என்று சொன்னால் வரும் பதில்கள் எல்லோருக்கும் தெரியும். ஆர்க்கிடெக்ட்: "அதுக்குத் தனி ஃபீஸ் யார் தர்றது?" ஸ்ட்ரக்சுரல்: "எங்ககிட்டதான் ஈடேப்ஸ் மாடல் இருக்கே." (ஈடேப்ஸ், கட்டடத்தின் பலத்தை அனாலிசிஸ் பண்ணும் சாஃப்ட்வேர்.) கான்ட்ராக்டர்: "எனக்கு பிடிஎஃப் போதும்." ஓனர்: "படம் நல்லா இருக்கு, கட்டடம் எப்ப முடியும்?"

புதுசைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பதில்களில் எவ்வளவு நியாயம் இருக்கிறது? இந்த அளவு வேலைக்கு எதை மாடல் பண்ணணும், எதை விடணும்? துறைவாரியாக எழுதினால் பலருக்கும் பயன்படும்.

காட்பாடி_ஸ்ட்ரக்சர்

எங்கள் பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். "ஈடேப்ஸ் மாடல் இருக்கே" என்பது பாதிதான் சரி. அனாலிசிஸ் மாடலில் பீம் ஒரு கோடு, பில்லர் ஒரு கோடு, இரண்டும் ஒரு புள்ளியில் சேரும். சைட்டில் 230 மி.மீ. அகல பீம், 300 மி.மீ. பில்லரின் வெளிமுகத்தோடு ஒட்டி நிற்கும். அதாவது நடுக்கோடு 35 மி.மீ. தள்ளிப்போகும். அனாலிசிஸ் மாடலை அப்படியே ரெவிட்டுக்கு (பிம் மாடல் போடும் சாஃப்ட்வேர்) அனுப்பினால் வெளிச்சுவர் பீம் எல்லாமே அந்த 35 மி.மீ. தவறோடுதான் வரும். உயரத்திலும் பீம் ஆழத்தில் பாதி வரைக்கும் தவற வாய்ப்பு உண்டு. டாய்லெட்டுக்கு இறக்கிய சன்க்கன் சிலாப் அதில் இருக்கவே இருக்காது. அதனால் ஒவ்வொரு பீமையும் கையால் திருத்தணும், அல்லது முதலிலிருந்து போடணும். இரட்டை வேலை என்று எங்கள் ஆட்கள் சலித்துக்கொள்வது இதனால்தான். அது பொய்யில்லை.

ஆனால் அந்த இரட்டை வேலையில் எங்களுக்கே கிடைக்கிற லாபம் ஒன்று உண்டு. கம்பியை நிஜ விட்டத்தோடு ஒரு முறை போட்டுப் பார்க்கிறதுதான் அது. கணக்கு பாருங்கள். 230 பீமில் இருபுறமும் 25 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்), இருபுறமும் 8 மி.மீ. ரிங். மிச்சம் 164 மி.மீ. அதில் 20 மி.மீ. கம்பி நாலு வைத்தால் 80 போக 84, மூணு இடைவெளி, ஒவ்வொன்றும் 28 மி.மீ. முக்கால் ஜல்லி இறங்கும். ஐஎஸ் 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை) கேட்கிற இடைவெளி, கம்பி விட்டம் அல்லது ஜல்லி அளவோடு 5 மி.மீ., இதில் எது பெரிதோ அது. 25 வேண்டும், 28 இருக்கிறது.

இப்போது அதே பீமில் 25 மி.மீ. கம்பி மூணு, மூணையும் ஒரே இடத்தில் லேப் பண்ணுகிறார்கள் (அடுத்த கம்பியைப் பக்கத்தில் ஒட்டிவைத்து நீட்டுகிறார்கள்) என்று வையுங்கள். மூணு ஜோடி, 150 மி.மீ. 164ல் 150 போனால் 14. இரண்டு இடைவெளி, தலைக்கு 7 மி.மீ. சாந்துப்பாலே சரியாக இறங்காது. சென்ட்ரிங் பிரித்ததும் அடியில் ஹனிகோம் (தேன்கூடு போன்ற ஓட்டைகள்) தெரியும், கொத்தனார் சிமெண்ட் பூசி மறைப்பார். டிராயிங்கில் அது "3-25" என்று ஒரு வரி, அழகாக இருக்கும். மாடலில் பார்த்த உடனே கண்ணில் குத்தும்.

எல்லா பீமுக்கும் கம்பி மாடல் பண்ணச் சொல்லவில்லை. அது வீண். பெரிய பில்லர் சந்திப்பு ஏழெட்டு, டிரான்ஸ்ஃபர் பீம் (மேல் பில்லரைத் தாங்கும் பீம்), தண்ணீர்த் தொட்டி மூலை, இவ்வளவு போதும்.

ராணிப்பேட்டை_எம்இபி

பிம்மால் உண்மையில் பிழைக்கிறது எங்கள் எம்இபி (ஏசி, எலக்ட்ரிக்கல், பிளம்பிங்) துறைதான். ஒரு காரிடாரை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

தளத்துக்குத் தளம் 3600 மி.மீ. பீம் ஆழம் 600. தரை ஃபினிஷ் 50. ஃபினிஷ் தரையிலிருந்து பீம் அடி 2950. ஆர்க்கிடெக்ட் சீலிங்கை 2550ல் கேட்கிறார். நடுவில் 400. சீலிங் ஃபிரேம், லைட் எல்லாம் 100 சாப்பிட்டுவிடும். மிச்சம் 300. டக்ட் 250, மேலும் கீழும் 25 இன்சுலேஷன். சரியாக 300. இழுத்துப் பிடித்து உட்கார்ந்துவிட்டது என்று ஏசி ஆள் நிம்மதியாக இருப்பார்.

மேல் மாடி டாய்லெட்டிலிருந்து 110 மி.மீ. கழிவுக் குழாய் அந்தக் காரிடார் நெடுக ஷாஃப்டுக்கு (குழாய்கள் மாடிக்கு மாடி இறங்கும் இடம்) போகணும். 12 மீட்டர் ஓட்டம், 60க்கு 1 சரிவு. 12,000ஐ 60ஆல் வகுத்தால் 200 மி.மீ. இறக்கம். டக்டுக்கு மேலே ஆரம்பிக்கிற குழாய் பாதி வழியில் டக்டுக்குள்ளேயே இறங்கிவிடும். வழியில் குறுக்கே பீம் வேறு. பிளானில் பார்த்தால் இரண்டு கோடு குறுக்கிடுகிறது, அவ்வளவுதான். செக்‌ஷன் வெட்டினால் தெரியும். ஆனால் வழக்கமாக செக்‌ஷன் வெட்டுவது மாடிப்படியிலும் லிஃப்டிலும். மோதல் நடப்பது காரிடாரில்.

சைட்டில் இதற்குக் கிடைக்கிற தீர்வுகள் மூணு. ஒன்று, சீலிங்கை 2350க்கு இறக்குவது. இரண்டு, சரிவைக் குறைத்துக் குழாயை ஓட்டுவது. பிறகு மாதாமாதம் அடைப்பு. மூணாவது, ராத்திரியோடு ராத்திரியாக பீமில் கோர் கட்டிங், அதாவது மெஷினால் துளை போடுவது. அந்த மெஷினுக்குக் கம்பி, கான்கிரீட் வித்தியாசம் தெரியாது, இரண்டையும் அறுக்கும். தளம் போடுவதற்கு முந்தின நாள் ஒரு 160 மி.மீ. ஸ்லீவ் (குழாய் நுழைய கான்கிரீட்டில் விடும் உறை) வைத்திருந்தால் முடிகிற வேலை இது.

தொரப்பாடி_கான்ட்ராக்டர்

"பிடிஎஃப் போதும்" என்று சொல்கிறவன் நான்தான். ஏன் என்று கேளுங்க.

இந்த ஊரில் வேலை எப்படி ஆரம்பிக்குது? ஆடிக்கு முன்னாடி பூஜை போடணும்னு ஓனர் நாள் குறிச்சுடுவார். அன்னைக்குக் கையில இருக்கிறது பில்லர் லேஅவுட் ஒண்ணு, ஃபுட்டிங் டிராயிங் ஒண்ணு. தோண்டினா ஓரிடத்துல பாறை, பத்தடி தள்ளினா களிமண், ஃபுட்டிங் ஆழம் மாறும். பிளிந்த் பீம் கட்டும்போதுதான் முதல் மாடி டிராயிங் வரும். இரண்டாவது மாடி சென்ட்ரிங் அடிக்கும்போது ஏசி ஆளே யாருன்னு முடிவாகி இருக்காது. இந்த நிலைமையில மாடல் பண்றவர் எதை வெச்சுப் பண்ணுவார்? நாங்க கட்டினதைப் பார்த்து அவர் வரைவார். அதுக்கு எதுக்குப் பணம்?

இன்னொண்ணு, கம்பி கட்டுற மேஸ்திரி கையில லேப்டாப் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. வெயில்ல டேப்லெட் ஸ்கிரீன் கண்ணுக்கே தெரியாது. அவருக்கு வேண்டியது ஏ3 தாள், பெரிய எழுத்து, கிரிட்லேருந்து (பில்லர் வரிசைக் கோடு) அளவு. மாடல்லேருந்து அந்த மாதிரி ஒரு ஸ்லீவ் டிராயிங் தளத்துக்கு ஒண்ணு தாங்க, கும்பிட்டு வாங்கிக்கிறேன். முப்பரிமாணத்துல சுத்திக் காட்டுற வீடியோ வேண்டாம்.

காட்பாடி_ஸ்ட்ரக்சர்

தொரப்பாடி அண்ணன் சொன்னதுதான் இந்த விவாதத்தின் மையம். வேண்டாம் என்று சொல்கிறவர்கள் சாஃப்ட்வேரை எதிர்க்கவில்லை. முடிவெடுக்க வேண்டியவர்கள் நேரத்துக்கு முடிவெடுக்காத இடத்தில், மாடல் பண்ணுகிறவர் தலையில் எல்லாம் விழுகிறது, அதைத்தான் எதிர்க்கிறார்கள். ஏசி கன்சல்டன்ட் ஃபுட்டிங் கட்டத்திலேயே வேலைக்கு வரவில்லை என்றால் எந்த சாஃப்ட்வேராலும் டக்டைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆற்காடு_எம்புக்

அளவு, பில் பற்றி யாரும் பேசவில்லையே. "மாடல் போட்டால் குவான்டிட்டி தானாக வரும்" என்று விற்கிறார்கள். வரும், ஆனால் ஐஎஸ் 1200 (கட்டட வேலையை அளக்கும் இந்தியத் தரநிலை) கணக்கில் வராது. அரசு வேலையில் எம்-புக்கில் (அளவுப் புத்தகம்) ஏறுவது ஐஎஸ் 1200 முறையில் எடுத்த அளவுதான்.

பூச்சு வேலையைப் பாருங்கள். அரை சதுர மீட்டர் வரைக்கும் திறப்புக்குக் கழிவு கிடையாது. அரை முதல் மூன்று சதுர மீட்டர் வரை, இருபுறமும் ஒரே பூச்சு என்றால் ஒரு முகத்துக்கு மட்டும் கழிவு, மறு முகம் ஜாம்புக்கு (திறப்பின் பக்கவாட்டு முகம்) ஈடு. மூன்றுக்கு மேல் போனால் இரு முகமும் கழித்து ஜாம்பைத் தனியாகக் கூட்டணும். மாடலுக்கு இது தெரியாது. ஜன்னல் இருக்கும் இடத்தில் சுவர் இல்லை, அவ்வளவுதான் அதன் கணக்கு. 1.2க்கு 1.2 மீட்டர் ஜன்னல் 1.44 சதுர மீட்டர். மாடல் இரு முகமும் சேர்த்து 2.88 கழிக்கும், நாம் கழிக்க வேண்டியது 1.44. 40 ஜன்னலுக்கு 57.6 சதுர மீட்டர் பூச்சு காணாமல் போகும். கான்ட்ராக்டர் "மாடல் என்னை ஏமாற்றுது" என்பார். அவர் சொல்வதும் உண்மை.

கான்கிரீட்டில் இதற்கு நேர் எதிர். பீமையும் சிலாபையும் ஜாயின் பண்ணாமல் விட்டால் சந்திப்பு இரண்டு தடவை எண்ணப்படும். 230 அகலம், 125 சிலாப் என்றால் மீட்டருக்கு 0.02875 கன மீட்டர். 100 மீட்டர் பீமுக்கு 2.875, கிட்டத்தட்ட அரை லாரி ரெடிமிக்ஸ். இதை வெறும் ஸ்கிரீனில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு தளத்தைக் கையால் போட்டு மாடலோடு ஒத்துப்பார்த்த பிறகுதான் மற்ற தளத்தை நம்பணும்.

எனவே மாடல் அளவை சிமெண்ட், கம்பி கொள்முதலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பில்லுக்குத் தனி அட்டவணையில் ஐஎஸ் 1200 விதியைப் போட்டு மாற்றுங்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் முதல் பில்லிலேயே பிம்முக்கு ஊரில் கெட்ட பெயர்.

சத்துவாச்சாரி_டிராஃப்ட்

மாடல் பண்ணுகிறவர்கள் செய்யும் தவறுகளையும் சொல்லணும், பாதி வெறுப்பு அதனால்தான் வருது.

முதலாவது ஒரிஜின், அதாவது மாடலின் தொடக்கப் புள்ளி. டோட்டல் ஸ்டேஷன் சர்வே யுடிஎம்மில் (பூமியில் ஓர் இடத்தை மீட்டரில் சொல்லும் முறை) வரும். வேலூரில் கிழக்கு சுமார் 2,97,000, வடக்கு சுமார் 14,29,000 மீட்டர். அந்த சிஏடி ஃபைலை அப்படியே ஒரிஜினுக்கு ஒரிஜின் என்று ரெவிட்டில் லிங்க் பண்ணினால் கட்டடம் உள் ஒரிஜினிலிருந்து 1,400 கி.மீ.க்கு மேல் தள்ளி நிற்கும். ரெவிட்டுக்கு உள் ஒரிஜினிலிருந்து 16 கி.மீ. தூரத்துக்குள்தான் நம்பிக்கை. அதைத் தாண்டினால் கோடு நடுங்கும், ஸ்னாப் பிடிக்காது, டைமென்ஷன் தவறும். கட்டடத்தை உள் ஒரிஜின் பக்கத்தில் வைத்து, சர்வே அளவை ஷேர்டு கோஆர்டினேட்டில் ஏற்றணும். ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சர், எம்இபி மூணு பேரும் கிரிட் ஏ-1 சந்திப்பை ஒரே புள்ளியாக எடுக்கணும். இதை முதல் நாளே சரிபார்க்க வழி எளிது: மூணு மாடலிலும் ஏ-1ல் ஒரு சின்னக் கன சதுரம் வையுங்கள், லிங்க் பண்ணும்போது மூணும் ஒன்றின்மேல் ஒன்று உட்காரணும்.

இரண்டாவது வெர்ஷன். 2024ல் சேமித்த ரெவிட் ஃபைல் 2023ல் திறக்காது, பின்னோக்கிச் சேமிக்கவும் வழியில்லை. ஒருத்தர் தெரியாமல் அப்கிரேட் பண்ணினால் மற்ற இரண்டு ஆபீஸும் நின்றுவிடும். ஐஎஃப்சியில் (பல சாஃப்ட்வேருக்கும் பொதுவான ஃபைல் வடிவம்) கொடுக்கலாம், பார்க்கவும் க்ளாஷ் (ஒன்றோடொன்று மோதுகிறதா என்ற சோதனை) ஓட்டவும் அது போதும். ஆனால் திருத்தி வேலை செய்ய வராது.

மூணாவது, இணையத்தில் இறக்கிய ஃபேமிலி (மாடலில் வைக்கும் ரெடிமேட் பொருள்). கழுவுதொட்டிக் குழாயின் மரை வரைக்கும் வரைந்திருப்பார்கள். 60 டாய்லெட்டில் அதை வைத்தால் ஃபைல் திறக்கவே பத்து நிமிஷம். இந்த வேலைக்கு எல்ஓடி (மாடலில் எவ்வளவு விவரம் என்ற அளவு) 300 போதும், எம்இபி காரிடாரிலும் ஷாஃப்டிலும் மட்டும் 350. கழுவுதொட்டி ஒரு பெட்டியாக இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது, அதன் கழிவுத் துளை இருக்கும் இடம்தான் முக்கியம்.

குடியாத்தம்_ஏஇ

அரசு கட்டாயமாக்கினால்தான் இது நடக்கும் என்பது என் கருத்து. இங்கிலாந்து 2011ல் அறிவித்து 2016 ஏப்ரலில் மத்திய அரசு வேலைகளுக்குக் கட்டாயமாக்கியது. சிங்கப்பூரில் 2013ல் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடத்தின் ஆர்க்கிடெக்சர் மாடலில் தொடங்கி, 2015ல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களில் எல்லாத் துறைக்கும் கொண்டுவந்தார்கள். நம் நாட்டில் நாக்பூர் மெட்ரோவே 5டி (நேரமும் செலவும் சேர்ந்த) பிம்மில் நடந்தது. இங்கே அனுமதிக்கும் டெண்டருக்கும் இன்னும் 2டி வரைபடம்தான் கேட்கிறோம், அப்புறம் யார் மாறுவார்கள்?

ஆற்காடு_எம்புக்

ஏஇ சார், சிங்கப்பூர் அந்த இரண்டு வருஷமும் சும்மா இருக்கவில்லை. டெம்ப்ளேட், வழிகாட்டி, பயிற்சிக்கு மானியம் எல்லாம் கொடுத்த பிறகுதான் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். அது இல்லாமல் டெண்டரில் "பிம் மாடல் ஒப்படைக்க வேண்டும்" என்று ஒரு வரி மட்டும் போட்டால், கட்டி முடித்த பிறகு ஒரு ஃபைலை சிடியில் போட்டுக் கொடுத்து ஃபைனல் பில் வாங்குவார்கள். யாரும் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள். கட்டாயம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தக் கட்டத்தில், எந்தத் தளத்துக்கு முன்னால், யார் சரிபார்த்துக் கையெழுத்து போடணும் என்பதை எழுதாத கட்டாயத்தால் பயன் இல்லை.

ராணிப்பேட்டை_எம்இபி

க்ளாஷ் ரிப்போர்ட் பற்றி ஒரு வார்த்தை. முதல் தடவை நேவிஸ்வொர்க்ஸில் (எல்லா மாடலையும் சேர்த்து க்ளாஷ் பார்க்கும் சாஃப்ட்வேர்) எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஓட்டினால் ஆயிரக்கணக்கில் வரும். அந்தப் பட்டியலை அப்படியே மெயில் பண்ணுவதுதான் ஆர்க்கிடெக்ட்டுகளுக்கு பிம் மேலேயே வெறுப்பு வரக் காரணம். குழாய் சுவருக்குள் போவது க்ளாஷ் இல்லை, அது அப்படித்தான் போகணும். ஒரே குழாய் 12 பீமில் இடித்தால் அது ஒரு பிரச்சினை, 12 இல்லை.

முதலில் ஸ்ட்ரக்சர் எதிர் கழிவுக்குழாய், ஸ்ட்ரக்சர் எதிர் டக்ட், இந்த இரண்டு மட்டும். டாலரன்ஸ் 25 மி.மீ. இவை தீர்ந்த பிறகு டக்ட் எதிர் கழிவுக்குழாய். கேபிள் ட்ரே கடைசி. யார் விட்டுக்கொடுக்கணும் என்பதற்கும் ஒரு வரிசை வேண்டும். கழிவுக்குழாய் நகராது, சரிவு அதன் உயிர். அடுத்து டக்ட், பெரியது. பிறகு பிரஷர் குழாய்கள், ஸ்பிரிங்க்ளர் உட்பட. ட்ரேயும் கன்டியூட்டும் வளைந்துகொள்ளும். இந்த வரிசையை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால் மீட்டிங்கில் பாதி வாக்குவாதம் இல்லை.

இடிக்காவிட்டாலும் பிரச்சினை உண்டு. வால்வுக்கு அடியில் சீலிங்கில் திறப்பு இல்லை, ட்ரேக்கு மேலே கை போக 300 மி.மீ. இல்லை. இதையெல்லாம் கிளியரன்ஸ் டெஸ்டில் தனியாக ஓட்டணும். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் லைன் வால்வு என்றால் அது சும்மா விடுகிற விஷயமில்லை.

பாலாறு_சிவில்

எல்லோருக்கும் நன்றி. ஃபீஸ் கேள்விக்கு மட்டும் யாரும் கை வைக்கவில்லை. 35,000 சதுர அடி ஆஸ்பத்திரி பிளாக், ஆர்க்கிடெக்ட் 2டியில்தான் தருவார், ஓனர் ஒருத்தருக்குத்தான் கூடுதலாகப் பணம் தருவார் என்றால் எப்படிப் போகலாம்?

காட்பாடி_ஸ்ட்ரக்சர்

ஆர்க்கிடெக்ட்டின் கோபம் நியாயமானது. மாடலால் மிச்சமாகும் பணம் ஓனருக்கும் கான்ட்ராக்டருக்கும் போகிறது, உழைப்பு மட்டும் டிசைன் ஆபீஸில். எனவே ஓனரே நேரடியாக ஒரு மாடலரை வைக்கட்டும். எல்லா கன்சல்டன்ட்டும் இப்போது தருகிற 2டியையே தரட்டும். மாடலர் ஸ்ட்ரக்சர் முழுக்கப் போடுவார், எம்இபியில் காரிடார், டாய்லெட், ஷாஃப்ட், ஆபரேஷன் தியேட்டர் மேல்தளம் மட்டும். உள் அலங்காரம், வெளி எலிவேஷன், கைப்பிடி எதுவும் வேண்டாம்.

வேலை ஆரம்பிக்கும் முன் இரண்டு பக்கத்தில் ஓர் ஒப்பந்தம். ஐஎஸ்ஓ 19650 (பிம்முக்கான உலகத் தரநிலை) இதற்குப் பெரிய பெயர்களெல்லாம் வைத்திருக்கிறது, நமக்கு இரண்டு பக்கம் போதும். சாஃப்ட்வேர் எந்த வெர்ஷன், ஒரிஜின் எங்கே, ஃபைல் பெயர் எப்படி, எந்தக் கிழமை யார் எதை அனுப்புவார், க்ளாஷ் மீட்டிங் எப்போது. எல்லாவற்றையும்விட முக்கியம்: மாடலும் கையெழுத்திட்ட டிராயிங்கும் முரண்பட்டால் டிராயிங்தான் செல்லும். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் எந்த ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரும் ஃபைலைக் கொடுக்கமாட்டார். கொடுக்கவும் கூடாது.

பூஜை நாளை மாற்ற முடியாது, சரி. ஃபுட்டிங் வேலை நடக்கிற நாட்கள் நமக்குக் கிடைக்கின்றன. பிளிந்த் பீம் முடிவதற்குள் முதல் மாடி காரிடாரில் க்ளாஷ் தீர்ந்திருக்கணும். சென்ட்ரிங் அடிப்பதற்கு பத்து நாள் முன்னால் அந்தத் தளத்தின் ஸ்லீவ் டிராயிங் சைட்டில் இருக்கணும். அதற்குப் பிறகு வருகிற மாற்றம் அடுத்த தளத்துக்குத்தான் என்று ஓனர் கையெழுத்து போடணும்.

தொரப்பாடி_கான்ட்ராக்டர்

பத்து நாள் முன்னால வந்தா எனக்குச் சம்மதம். பீம்ல ஸ்லீவ் எங்க வைக்கலாம்னு ஒரு விதி சொல்லுங்க சார், மேஸ்திரிக்குப் புரியற மாதிரி.

காட்பாடி_ஸ்ட்ரக்சர்

இடத்தை ஸ்ட்ரக்சுரல் டிராயிங் சொல்லணும் அண்ணே, மேஸ்திரி முடிவு பண்ணக் கூடாது. ஆனால் தவறாக வந்தால் அவர் நிறுத்திக் கேட்க இது உதவும். ஐஎஸ் 1893ன் (நிலநடுக்கத் தரநிலை) 2016 பதிப்பில் வேலூர் மூன்றாம் நிலநடுக்க மண்டலம், அதனால் நிலநடுக்கம் தாங்கக் கம்பி கட்டும் விதியான ஐஎஸ் 13920 பொருந்தும். பில்லர் முகத்திலிருந்து பீமின் பயன் ஆழத்தைப்போல (மேல் விளிம்பிலிருந்து அடிக் கம்பி வரை) இரண்டு மடங்கு தூரத்துக்கு ரிங் நெருக்கமாக இருக்கும். 600 பீமுக்கு அது சுமார் 1.1 மீட்டர். ரிங் நெருக்கமாகத் தெரிகிற இடத்தில் ஸ்லீவ் வந்தால் உடனே போன் பண்ணச் சொல்லுங்கள். உயரத்தில் ஏறக்குறைய நடுவில், மேல் கம்பியையும் அடிக் கம்பியையும் தொடாமல். துளைக்கு இருபுறமும் டிராயிங் கேட்கிற கூடுதல் ரிங். ரிங்கை அறுத்து ஸ்லீவை நுழைப்பது கூடவே கூடாது.

அளவு எப்போதும் கிரிட் நூலிலிருந்து, சென்ட்ரிங் பலகை ஓரத்திலிருந்து அல்ல. பலகை 20 மி.மீ. நகர்ந்தால் ஸ்லீவும் நகரும், மேலே ஷாஃப்டில் நேர் வராது.

ராணிப்பேட்டை_எம்இபி

கழிவுக்குழாய் நாலு பீமைக் கடந்தால் நாலு ஸ்லீவுக்கும் ஒரே உயரம் எழுதாதீர்கள், சரிவு இருக்கிறது. பீம் 3 மீட்டருக்கு ஒன்று, 60க்கு 1 என்றால் ஒவ்வொன்றும் முந்தையதைவிட 50 மி.மீ. கீழே. நாலாவது ஸ்லீவ் முதலாவதைவிட 150 கீழே வரும், அது அடிக் கம்பிக்கு மேலே நிற்கிறதா என்று மாடலில் பார்த்த பிறகே தாளில் எழுதுங்கள். நிற்கவில்லை என்றால் அந்தக் குழாயை இரண்டாகப் பிரித்து இன்னொரு ஷாஃப்ட் கேட்கவேண்டிய நேரம் அதுதான்.

ஸ்லீவை ரிங்கோடு இரண்டு இடத்தில் கட்டணும். ஒரு இடத்தில் மட்டும் கட்டினால் வைப்ரேட்டர் பட்டதும் சாயும். இரண்டு வாயையும் தெர்மாகோல் வைத்து டேப் ஒட்டி அடைக்கணும், இல்லாவிட்டால் சிமெண்ட் பால் இறங்கிக் கெட்டியாகும், கடைசியில் கோர் மெஷினே திரும்ப வரும். கான்கிரீட் லாரிக்குச் சொல்வதற்கு முன்னால் பிளம்பரும் மேஸ்திரியும் ஏ3 தாளைக் கையில் வைத்து ஒவ்வொரு ஸ்லீவாக எண்ணி டிக் பண்ணட்டும். தாளில் 34 இருந்தால் பலகை மேலும் 34 இருக்கணும்.

தொரப்பாடி_கான்ட்ராக்டர்

இது போதும் மேடம். அந்தத் தாள்ல ஒவ்வொரு ஸ்லீவுக்கும் நம்பர் போட்டு, அடிப்பலகையிலேருந்து உயரத்தையும் எழுதிக் கொடுங்க. மேஸ்திரி டேப் பிடிக்கிறது அங்கிருந்துதான்.